அம்மாவின் வெள்ளி ரூபாயும் தம்பியின் யோசனையும்

கேள்வி: ஈரோடு பக்கத்தில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வயது 53. இன்னும் நான்கைந்து வருடத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். அதற்கென்று 8 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கணவர் தங்கக் காசாக வாங்கிப் போடச் சொல்கிறார். மூன்று வருடமாக நாணயக் கண்காட்சிகளுக்குப் போய் வரும் என் தம்பியோ, "தங்கம் எல்லார் வீட்டிலும் இருக்கு. அரிய நாணயம்தான் பல மடங்கு ஏறும். 5 லட்சத்தை அதில் போடு அக்கா" என்கிறான். 1939ஆம் வருட வெள்ளி ஒரு ரூபாய் ஒன்றை, தரச்சான்றோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாக ஒரு வியாபாரி சொன்னாராம். அதை உடனே வாங்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறான்.

இது போக, காலமான என் அம்மாவின் தூக்குப்போசியில் 43 பழைய வெள்ளி ரூபாய்களும் ஒரு பவுன் காசும் இருக்கின்றன. தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பார். இரண்டு ரூபாயில் மாலை கோக்க வளையம் பற்ற வைத்திருக்கிறது. இவற்றை என்ன செய்வது? கடைசியாக ஒன்று. வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு என்னிடம் இருக்கிறது. அதற்குப் பல லட்சம் தருவதாக ஒருவர் போனில் பேசினார். முதலில் பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த 5 ரூபாய் 2012ஆம் வருடம் போட்ட நினைவு நாணயம். புழக்கத்துக்காகப் பெருமளவில் அச்சடித்தது. நாணயம் சேர்ப்பவர்களிடம் அது சில்லறை விலைக்கே கிடைக்கும். 1,850 கட்டியதும் அடுத்து ஜி.எஸ்.டி. என்பார்கள், அதற்கடுத்து ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்பார்கள். பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டு எச்சரித்திருக்கிறது. யாராவது ஏற்கனவே பணம் கட்டியிருந்தால், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி 8 லட்சம். நான் 30 வருடத்துக்கு மேலாகப் பழைய நாணயங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அப்பா வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். ஆகவே உருக்கும் பக்கத்தையும் சேர்க்கும் பக்கத்தையும் இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன். நாணயங்கள் மேல் எனக்கு உயிர். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பைசாவைக்கூட அரிய நாணயத்தில் போடாதீர்கள்.

தம்பி சொல்வது முழுப் பொய் இல்லை. அரிய நாணயங்கள் விலை ஏறியிருக்கின்றன, சில பல மடங்கு ஏறியும் இருக்கின்றன. ஆனால் தங்கத்துக்கும் நாணயத்துக்கும் உள்ள வித்தியாசம் வாங்கும்போது தெரியாது, விற்கும்போதுதான் தெரியும். 10 கிராம் தங்கக் காசை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் அன்றைக்கு என்ன விலை என்று பலகையில் எழுதியிருக்கும். உரசிப் பார்த்து, எடை போட்டு, அரை மணி நேரத்தில் கணக்கு முடித்துவிடுவார்கள். கடைக்காரருக்கு உங்களைப் பிடித்திருக்க வேண்டும் என்றில்லை, காசு அழகாக இருக்க வேண்டும் என்றுமில்லை. அரிய நாணயத்துக்கு அப்படிப் பலகை கிடையாது. அந்த வகையை, அந்த வருடத்தை, அந்தத் தரத்தில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். அவர் கையில் அப்போது பணமும் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்தால், அவர் ஆவணியில் வருவார்.

மிகப் பெரிய உதாரணத்தையே சொல்கிறேன். 1794இல் அச்சடித்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013இல் ஏலத்தில் 1 கோடி டாலருக்குச் சற்று மேலே போனது. அதுவரை எந்த நாணயமும் அந்த விலைக்குப் போனதில்லை. அதே நாணயம் 2020 அக்டோபரில் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது, வைத்திருந்த குறைந்தபட்ச விலையைக்கூடக் கேட்க ஆளில்லை. திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2022இல் தனிப்பட்ட முறையில் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றது. காத்திருக்க முடிந்தவருக்கு நஷ்டமில்லை. உங்களால் காத்திருக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. மண்டபக்காரர் காத்திருக்க மாட்டார்.

வாங்கி விற்கும் செலவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏலத்தில் ஒரு நாணயம் உங்களுக்கு 1 லட்சத்துக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். நடுவில் 15 என்று வைத்தால், கமிஷனுக்கு மேல் வரியும் சேர்ந்து உங்கள் கையை விட்டுப் போவது 1,17,000 ரூபாய்க்கு மேல். அதையே பிறகு ஏலத்தில் விற்றால், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஆக, நாணயம் 1,30,000 ரூபாய்க்கு மேல் ஏலம் போனால்தான் போட்ட பணம் போட்டபடி திரும்பும். 30 சதவீதம் ஏறிய பிறகும் லாபம் பூஜ்யம். கடையில் வாங்கினால் கமிஷன் என்று தனியாகத் தெரியாது, ஆனால் வாங்கும் விலைக்கும் அதே கடையில் திருப்பிக் கொடுக்கும் விலைக்கும் இடையில் இதே அளவு பள்ளம் இருக்கும், சில சமயம் இன்னும் ஆழமாகவே இருக்கும். தங்கக் காசில் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் கடைக்காரர் வைக்கும் கூலி, விற்கும்போது சின்னக் கழிவு. எல்லாம் சேர்ந்தாலும் ஐந்தாறு சதவீதத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இப்போது அந்த 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்களில் அரிதிலும் அரிது அந்த வருடம்தான். 1938 நிறைய அச்சானது. 1940இல் போர்க்காலம் என்று வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நடுவில் பழைய தரத்தில் வந்த 1939 மிகக் கொஞ்சம். உண்மையான நாணயம் நல்ல விலை போவது நிஜம். அதனாலேயே போலிக்காரர்களுக்கு அது பிடித்தமான வருடம். 1938 ரூபாயை எடுத்து, கடைசி 8இன் கீழ் வட்டத்தில் இடது பக்க வளைவை மட்டும் நுனி உளியால் சுரண்டி எடுத்தால் அது 9 ஆகிவிடும். எடை சரியாக இருக்கும், வெள்ளியும் சரியாக இருக்கும், ஏனென்றால் அது அசல் ரூபாய்தானே. 10 மடங்கு பெருக்கும் லென்ஸில், விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்த எண்ணைச் சுற்றியுள்ள தரையை, அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பைப் பாருங்கள். அச்சில் அடித்த நாணயத்தில் தரை ஒரே சீராக ஓடும். சுரண்டிய இடத்தில் மட்டும் வழுவழுப்பு மாறி, தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடம் போல ஒரு திட்டு தெரியும். பழகாத கண்ணுக்கு அது தெரியாது. எனக்கே முதல் ஐந்தாறு வருடம் தெரியவில்லை. அப்போது ஒரு 1939ஐ நானும் வாங்கி, மூன்று மாதச் சம்பாத்தியத்தை இழந்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் பெட்டிச் சான்று இருக்கிறதே என்று தம்பி கேட்பான். அமெரிக்காவில் 1986, 1987 வாக்கில் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் நாணயத்தைப் பார்த்து 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. அது நல்ல ஏற்பாடுதான், ஏமாற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெட்டிக்கே போலி வந்துவிட்டது. உண்மையான சான்று எண்ணை நகல் எடுத்து, போலிப் பெட்டியில் போலி நாணயத்தை வைத்து விற்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் நாணயத்தின் விவரமும் பெரும்பாலும் படமும் வரும். வருகிற படத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் கையிலுள்ள நாணயத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும். படம் இல்லையென்றால் வேண்டாம். அப்புறம் வியாபாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "ஆறு மாதம் கழித்து இதை நானே உங்களிடம் கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள், பில்லில் எழுதித் தருவீர்களா?" அந்தப் பதிலில்தான் நாணயத்தின் உண்மையான விலை இருக்கிறது.

இந்த மதிப்பெண் முறை வந்த புதிதில், இனி நாணயத்தையும் பார்க்காமலே பங்கு போல வாங்கலாம் விற்கலாம் என்று அமெரிக்காவில் பெரிய முதலீட்டுப் பணமெல்லாம் உள்ளே வந்தது. விலை எகிறி 1989இல் உச்சத்தைத் தொட்டது, அடுத்த வருடம் சரிந்தது. அந்த உச்சத்தில் வாங்கிய பல வகை நாணயங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த விலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேகரிப்பாளர்களை நம்பி ஏறிய விலை அல்ல அது. விற்கலாம் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்களை நம்பி ஏறியது.

சரி, அப்படியானால் தங்கம் பத்திரமா என்று கேட்பீர்கள். கணவரும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 850 டாலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி தாண்ட 2008 ஜனவரி வரை, 28 வருடம் ஆனது. ரூபாயின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்ததால் இங்கே நமக்கு அந்த வலி அவ்வளவாகத் தெரியவில்லை. வெள்ளி இன்னும் மோசம். 1980இல் 50 டாலரை ஒட்டிப் போனது, 2011இல் மறுபடி கிட்டத்தட்ட அங்கே போய்த் திரும்பியது, 2025 அக்டோபரில்தான் அதைக் கடந்தது. இன்னொன்று, 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும், அன்றைக்கே பவுன் விலை ஆயிரக்கணக்கில் இறங்கியது. முதல் நாள் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் தங்கத்துக்குச் சாதகமாக ஒரு காரணம் இருக்கிறது. மகளுக்கு நகை போடத்தான் போகிறீர்கள். இன்னும் நான்கு வருடத்தில் 10 பவுன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், இப்போது தங்கம் வாங்குவது லாபத்துக்கான பந்தயம் இல்லை, வாங்க வேண்டியதைக் கொஞ்சம் முன்னாலேயே வாங்கி வைப்பது. விலை ஏறினால் தப்பித்தீர்கள். இறங்கினால் மீதி நகையைக் குறைந்த விலைக்கு வாங்குவீர்கள். அதனால் முதலில் எத்தனை பவுன் போடுவதாக உத்தேசம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்த அளவுக்கு மட்டும் தங்கம். மண்டபம், சாப்பாடு, புடவை எல்லாம் ரூபாயில் கொடுக்க வேண்டியவை. அந்தப் பங்கு வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். வெள்ளியைப் பெரிய அளவில் வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். குத்துவிளக்கு, சொம்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்.

தங்கத்தையும் இன்றே நகையாக வாங்காதீர்கள். நான்கு வருடத்தில் டிசைன் மாறும், மகளுக்குப் பிடிக்காது, மாற்றப் போனால் செய்கூலியும் சேதாரமும் இரண்டாவது முறை. காசாக வாங்குவதென்றால் 24 காரட், 999 என்று குறித்து உறையில் அடைத்தது, பில்லோடு. ஒரு கிராம் காசுகளாகச் சேர்க்காதீர்கள், கிராமுக்குக் கூலி அதில்தான் அதிகம். 8 அல்லது 10 கிராம் நல்லது. வங்கியில் வாங்கினால் தூய்மைக்குச் சந்தேகமில்லை, ஆனால் வங்கி தான் விற்ற காசைத் திரும்ப வாங்காது. நகைக்கடையில்தான் போட வேண்டும். எந்தக் கடையில் பிறகு நகை எடுக்கப் போகிறீர்களோ அந்தக் கடையிலேயே காசு வாங்கி, மாற்றும்போது கழிவு உண்டா இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது ஒரு வழி. லாக்கர் பயமும் வேண்டாம், உறையும் வேண்டாம் என்றால் தங்க இ.டி.எப். இருக்கிறது, தங்க விலையை ஒட்டி நகரும், பங்கு போல வாங்கி விற்கும் நிதி. 2007 முதல் நம் பங்குச் சந்தையில் நடக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் வாங்கலாம், வேண்டிய அன்று விற்கலாம். பங்குகளை மின்னணு முறையில் வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கு மட்டும் தேவை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முக்கால் பங்கை அப்படித்தான் சேர்ப்பேன், மாதத் தவணையாக, ஒரே நாளில் அல்ல. விற்கும்போது வரி உண்டு: கையில் வைத்த தங்கம் 24 மாதம் தாண்டியிருந்தால் லாபத்தில் 12.5 சதவீதம், இ.டி.எப்.புக்கு 12 மாதம் தாண்டினால் அதே 12.5. அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதப்படி. தங்கமோ நாணயமோ, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்றச் சட்டம் இடம் தருவதில்லை. "பில் வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்று நாணய வியாபாரி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் தூக்குப்போசிக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் அதுதான்.

1835 முதல் 1939 வரை போட்ட ஒரு ரூபாய் எல்லாம் ஒரே அளவுதான்: எடை 11.66 கிராம், அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை உள்ளவை பார்க்க அதே மாதிரி இருக்கும், அதே எடையும்கூட, ஆனால் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். 1946, 47 என்றால் நிக்கல், வெள்ளியே கிடையாது. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்தால், முதல் வகை ஒன்றுக்கு உலோக மதிப்பு 1,069, இரண்டாம் வகைக்கு 583. கலந்து கொண்டுபோனால் கடைக்காரர் எல்லாவற்றையும் பாதி வெள்ளியாகவே கணக்குப் போடக்கூடும். ஆகவே முதல் வேலை, வருடவாரியாகப் பிரிப்பது.

புளி விஷயம் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மா அவற்றைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார், பளபளவென்று இருந்தால்தான் லட்சுமி என்று தேய்த்திருக்கிறார். ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது அந்த மெல்லிய கருமையை, நாங்கள் டோனிங் என்று சொல்வதை. அது நூறு வருடம் காற்றுப் பட்டுத் தானாக வந்தது. புளியும் நாரும் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். லென்ஸில் பார்த்தால் விக்டோரியா ராணியின் கன்னத்தில் தலைமுடி போல நூற்றுக்கணக்கான கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். பாத்திரம் தேய்க்கும் கை வட்டமாகப் போகும் இல்லையா, அந்த வட்டமே நாணயத்தில் பதிந்திருக்கும். ஒருமுறை ஒரு விக்டோரியா ரூபாயில் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்தவர் இடது கைக்காரர் என்பதுகூடத் தெரிந்தது. அப்படித் தேய்ந்த சாதாரண வருட ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. வளையம் பற்ற வைத்த இரண்டும் வெள்ளியாகவே போகும்.

இருந்தாலும் மொத்தமாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 1990களில் எங்கள் பட்டறைக்கு ஒருவர் மஞ்சப்பையில் பழைய வெள்ளி கொண்டுவந்தார். அப்பா எடை போட்டு மூசையில் கொட்டிவிட்டார். நான் துருத்தி பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரி சிவந்து, வெள்ளி விளிம்பிலிருந்து இளக ஆரம்பித்தபோது, மேலாகக் கிடந்த ஒரு காசில் கோபுரம் தெரிந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள். சென்னை மாகாணத்தில் 1807, 1808 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் போட்ட வெள்ளி அரை வராகன். மறுபக்கம் திருமால் உருவமும் தமிழ், தெலுங்கு எழுத்தும் இருக்கும். இடுக்கியை எடுப்பதற்குள் கோபுரம் நீர்த்து ஓடிவிட்டது. கொண்டுவந்தவருக்கு வெள்ளிக்கு உண்டான பணம் போனது, அவரும் சந்தோஷமாகப் போனார். அன்றிலிருந்துதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

அதனால் 43ஐயும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொன்றாக வருடம் எழுதுங்கள். 1835 என்று போட்டு வில்லியம் மன்னர் தலை இருந்தால் தனியே வையுங்கள். 1939 இருந்தால் தனியே வையுங்கள், உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கக்கூடாது என்று சட்டமா என்ன. 1911 இருந்தால் ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் உள்ள சின்ன யானையைப் பாருங்கள். அது பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று மக்கள் எதிர்த்து, அந்த ரூபாயை நிறுத்தி, எஞ்சியதை உருக்கி, 1912இல் யானையைத் திருத்திப் போட்டார்கள். லட்சக்கணக்கில் போகாது, ஆனால் எடைக்குப் போட வேண்டிய காசும் இல்லை. ஆங்கிலமே இல்லாமல் பாரசீக எழுத்து மட்டும் இருந்து, ஒரு சின்னத் தாமரை தெரிந்தால் அது ஆற்காட்டு ரூபாயாக இருக்கலாம். அதையும் ஒதுக்குங்கள்.

பவுன் காசையும் இதே போலப் பாருங்கள். நாம் பேச்சில் சொல்லும் சவரன் என்பதே இங்கிலாந்தின் சாவரின் காசிலிருந்து வந்த சொல். அதன் எடை 7.98 கிராம், நாம் 8 என்று முழுமையாக்கிக்கொண்டோம். 22 காரட், அதில் 7.32 கிராம் சுத்தத் தங்கம். குதிரை வீரன் இருக்கும் பக்கத்தில், குதிரையின் காலடித் தரையில், வருட எண்ணுக்குச் சற்று மேலே ஆங்கிலத்தின் ஐ எழுத்து பொடியாக இருந்து, வருடமும் 1918 என்றிருந்தால், அது பம்பாயில் அடித்தது. அங்கே அடித்த சாவரின் காசில் இருப்பது அந்த ஒரு வருடம் மட்டும்தான். வளையம் பற்ற வைக்காமல் இருந்தால் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கேட்கலாம். விற்கத்தான் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மகள் கழுத்தில் பாட்டியின் காசு இருப்பதற்கு எந்தக் கடையிலும் விலை போட முடியாது.

இனி எக்காரணம் கொண்டும் புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எதுவும் வேண்டாம். மெத்தென்ற பிளாஸ்டிக் கவரில் போட்டால் நாளாவட்டத்தில் பச்சைப் பிசுபிசுப்பு வரும். தனித்தனிக் காகித உறையே போதும். பக்கத்தில் அந்துருண்டை வைக்காதீர்கள். இவை 2001 ஏப்ரலுக்கு முன்பே குடும்பத்தில் இருந்தவை என்பதால், பிறகு விற்று வரி கணக்குப் போடும்போது 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தம்பியை நினைத்தும் இரண்டு வார்த்தை. அவனைத் திட்டாதீர்கள். 900க்கு வாங்கி 4,000க்கு விற்றேன் என்று அவன் ஏதாவது ஒரு காசைச் சொல்லியிருப்பான், அது உண்மையாகவும் இருக்கும். விற்காமல் பெட்டியில் இருப்பவை எத்தனை என்று அன்பாகக் கேளுங்கள். மூன்று வருடம் என்பது இந்தத் துறையில் கண் திறக்கும் காலம், அவ்வளவுதான். பழையது என்றாலே விலை அதிகம் என்று அவன் நினைத்தால், ராஜராஜன் பெயர் போட்ட செப்புக் காசு ஒன்றை வாங்கிப் பார்க்கட்டும். ஆயிரம் வருடப் பழமை. ஆனால் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சாதாரண நிலையில் உள்ள ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும், அதன் விலையை வைத்தல்ல.

கரூர் உங்களுக்குப் பக்கம்தான். அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசுகள், ரோமானியக் காசுகள் எல்லாம் கிடைத்த ஊர். ஆற்றில் எடுத்தது என்று சொல்லி யாராவது தம்பியிடம் நீட்டினால் அவன் வாங்கக்கூடாது. பாதி வார்ப்புப் போலி. அசலாக இருந்தாலோ இன்னும் சிக்கல். மண்ணுக்கடியில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அதில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பல மடங்கு ஏறும் என்று கனவு காண்பவர்கள், வெளிநாட்டு ஏலத்தில் விற்கும் வழி அடைபட்டிருப்பதை யோசிப்பதே இல்லை.

அவனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், அவன் சம்பளத்திலிருந்து வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையை ஒதுக்கிக்கொள்ளட்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கட்டும். மெட்ராஸ் நாணயக் கழகத்தின் கூட்டங்களுக்குப் போய், பழுத்தவர்களோடு உட்காரட்டும். எல்லாவற்றையும் வாங்காமல், சென்னை மாகாண நாணயங்கள் என்று ஒன்றைப் பிடித்துப் பத்து வருடம் படிக்கட்டும். அதற்குப் பிறகு அவன் வாங்கும் 1939 ரூபாயை நானே வந்து பார்க்கிறேன்.

பட்டியல் எழுதி முடித்ததும், ஒதுக்கி வைத்த காசுகளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசில் தனித்தனியாக எடை போட்டு, எடையையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.